டிரைவர் கர்னலிடம் சொன்னது

அங்கயற்கண்ணி அம்மாள் எங்கள் அலுவலக வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "இங்க டிரைவர் யாரு?" என்பது. வாட்ச்மேன் வண்டிகள் நிற்கும் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார். அங்கே கம்பெனி வேனைத் துடைத்துக்கொண்டிருந்த காசிநாதனை அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"நீதானா? ஏய்யா, கர்னல்கிட்ட என்னயப் பத்தி என்ன சொல்லி வச்சிருக்க?"

காசிநாதன் இருபது வருஷமாக மதுரைக்குள் வண்டி ஓட்டுகிறவர். ஊரில் எல்லாரிடமும் எல்லாரைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருப்பார். ஆனால் கர்னல் யாரிடமும் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. "எனக்கும் பட்டாளத்துக்கும் சம்பந்தமே இல்லீங்கம்மா" என்று சத்தியம் செய்துவிட்டு, கையில் ஈரத் துணியோடு அந்த அம்மாளை மூன்றாவது மாடிக்கு என்னிடம் அழைத்து வந்தார்.

"நிறைமதி மேடம், இவங்க தேடுறது உங்களத்தான்னு நெனைக்கிறேன். டிரைவர் பொய் சொல்லிட்டான்றாங்க. நான் இல்ல."

அவர் நினைத்தது சரி. அந்த டிரைவரை எழுதியவள் நான். அது பொய் சொல்லும் என்று அன்று காலை வரை எனக்குத் தெரியாது. தெரியாது என்று நான் சொல்வதுகூட முழு உண்மை இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு வசதி இருந்தது, அதை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அங்கயற்கண்ணி அம்மாளுக்கு ஐம்பத்தேழு வயது இருக்கும். கனத்த கண்ணாடி, துணிப்பை, வலது காதுக்குப் பின்னால் மிளகு அளவில் ஒரு சாம்பல் நிற மணி. அந்த மணியைத்தான் எங்கள் கம்பெனி செய்கிறது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மேஜையில் வைத்து விரலால் ஒரு வரியைக் குத்தினார். 'டிரைவர் கெர்னலுக்கு அளித்த தகவலின்படி, மனுதாரரின் பேச்சு எதிர்தரப்பினருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அளவில் சேர்ந்துள்ளது.'

"உக்காருங்கம்மா. டிரைவர்னா ஆள் இல்ல, அது ஒரு மென்பொருள்."

"கர்னலு?"

"அதுவும் மென்பொருள்தான். கர்னல் இல்ல, கெர்னல்."

"ரெண்டு பேருமே ஆள் இல்லேன்னா, என் வாழ்க்கையப் பத்தி யாருத்தா பேசிக்கிட்டாய்ங்க?"

பதில் இல்லாதபோது நான் விளக்கம் கொடுப்பேன்.

"கெர்னலுக்குக் கண்ணும் கெடையாது காதும் கெடையாதும்மா. உள்ள ஒரு அறையில உக்காந்திருக்கற பெரிய அதிகாரி மாதிரி. வெளிய மணியில என்ன நடக்குதுன்னு அதுக்கு நேராத் தெரியாது. டிரைவர்தான் மணியப் பாத்துக்கிட்டே இருக்கும். நீங்க ஒண்ணு சொல்றீங்க, அது அவருக்குப் போய்ச் சேந்துச்சா இல்லையான்னு பாத்து உள்ள சொல்லும். உள்ள இருக்கறது அத அப்படியே நம்பி அறிக்கை போடும்."

"அப்ப கர்னல் நல்ல மனுஷன். டிரைவர்தான் சரியில்ல."

"ஆமாம்மா," என்றேன். என்ன சொல்ல?

சட்டத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். தனியாக வாழ அனுமதி கேட்டு வந்த மனுக்களில் பாதிக்கு மேல் ஒரே காரணம் இருந்தது: நான் சொல்வது அவருக்குச் சேருவதில்லை. ஆணும் பெண்ணும் இதையே எழுதினார்கள். காரணம் ஒன்றானால் அளந்துவிடலாமே என்று யாரோ ஒரு புத்திசாலி யோசித்தார். கணவன் மனைவி இருவரும் தொண்ணூறு நாள் காதுக்குப் பின்னால் மணி அணியவேண்டும். பேச்சில் பாதிக்கு மேல் சேரவில்லையென்றால் அனுமதி. சேர்ந்திருந்தால் வீட்டுக்குப் போகவேண்டும், இரண்டு வருஷத்துக்கு மறுபடி மனுப் போட முடியாது.

"வியாழக்கெழம பதினோரு மணிக்கு விசாரணை," என்றார் அங்கயற்கண்ணி அம்மாள். "இந்தத் தாளோட போனா தள்ளிருவாய்ங்க. தல்லாகுளத்துல மாடில ஒரு ரூமு பேசி வச்சிருக்கேன். காலைல எந்திரிச்சு, யாருகிட்டயும் எதையும் ரெண்டாவது தடவ சொல்லாம, ஒரு காப்பி குடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அவருடைய கணவர் தணிகாசலம் ஒரு தண்ணீர் லாரி கம்பெனியின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் தொலைபேசி எடுத்தவர். லாரி வரவில்லை, லாரி பாதித் தண்ணீரோடு வந்தது, லாரி என் மதில் சுவரை இடித்துவிட்டது என்று நாளெல்லாம் ஊரே அவரிடம் சொல்லும். அவர், "ம்... ம்... சொல்லுங்க... ம்" என்பார். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. 'சொல்லுங்க' நின்றுவிட்டது, 'ம்' நிற்கவில்லை.

அந்த அம்மாள் சம்மதித்ததால் அவர்கள் வீட்டுப் பதிவைத் திறந்தேன்.

"மார்ச் ஒம்பது, காலைல ஏழு இருபது. 'மோட்டார நிறுத்துங்க.' சேர்ந்ததுன்னு இருக்கு."

"எத்தன தடவ சொன்னேன்னு இருக்கா?"

"இல்ல. கடைசியாச் சேந்துச்சா இல்லையான்னுதான் இருக்கு."

"அஞ்சு தடவத்தா. அஞ்சாவது தடவ 'ம்'ன்னாரு. பேப்பர்லருந்து கண்ண எடுக்கல. டேங்கு ரொம்பி தண்ணி தெருவுக்குப் போச்சு. தண்ணி போய்ச் சேந்துச்சு, ஒத்துக்கிறேன். நான் சொன்னதா சேந்துச்சு?"

காசிநாதன் இன்னும் போகவில்லை. கதவோரம் நின்று, "அதானே" என்றார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் கெர்னல் டிரைவரிடம் ஐந்து விவரம் கேட்கிறது. கடைசியில் சேர்ந்ததா? அதற்கு முன் எத்தனை முறை பதிலே வரவில்லை? எத்தனை முறை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி மோதியது? எத்தனை முறை எதிராளி கையைக் காட்டித் தடுத்தார்? எத்தனை முறை இரைச்சலில் கெட்டது? இப்படிக் கேட்டு அதற்கென்று இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நான் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, மற்ற நான்கு இடத்திலும் பூஜ்யம் போட்டிருந்தேன். எல்லா மணிக்கும், எல்லா வீட்டுக்கும், எல்லா நாளும் பூஜ்யம்.

ஏன் அப்படிச் செய்தேன்? என் மேலதிகாரி சவரிமுத்து சார் அந்த வாரம் தினமும் வந்து "முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். 'சேருவது வரை முடிந்தது, சேராததைப் பிரிப்பது பாக்கி' என்பது நீளமான வாக்கியம். "முடிஞ்சுது சார்" என்பது சின்ன வாக்கியம். நான் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான். பரீட்சை எப்படி எழுதினாய் என்றால் "நல்லா." பசிக்கிறதா என்றால் "இல்ல." மேலே இருப்பவர்களுக்கு எது கேட்க லேசாக இருக்குமோ அதைச் சொல்லி வளர்ந்தவள் ஒரு டிரைவர் எழுதினால், அதுவும் அவளைப்போலத்தான் இருக்கும்.

"இன்னொண்ணு," என்றார் அங்கயற்கண்ணி அம்மாள். "அந்த 'ம்'ம சேந்ததுன்னு யாரு சொன்னா?"

"நான்தான். 'ம்'னா கேட்டாச்சுன்னுதானே அர்த்தம்?"

அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கல்யாணம் ஆயிருச்சா?"

"ஏழு வருஷம்."

"ஏழு வருஷத்துல இதுகூடப் படிக்கலையா? இங்க பாரு." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "ம்? இது என்ன சொன்னேன்னு கேக்குறது. ம்ம்ம், இது அப்படியா சேதின்னு. ம்க்கும், இது ஆமா நீ கிழிச்சன்னு. ம்ஹூம், வேணாம். ம்... இப்படி இழுத்தா யோசிக்கிறாரு. நல்ல 'ம்'மு ஒண்ணு இருக்கு, அது நான் சொல்லி முடிச்சு ஒரு மூச்சு விட்டப்புறம் வரும். இவரு 'ம்'மு இருக்கே, நான் 'மோட்டார'ன்னு ஆரம்பிக்கையிலேயே வந்துரும். வாக்கியம் முடியிறதுக்கு முன்னாடி வர்றது 'ம்' இல்லத்தா. அது மூச்சு."

என் படிப்பில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியத்துக்குள் டிரைவரைத் திருத்திவிட்டேன். வேலை பெரிதில்லை. முயற்சிகளை எண்ணு, காரணத்தைப் பிரி, வாக்கியம் முடியும் முன் வரும் 'ம்'மைப் பதில் இல்லாத கணக்கில் சேர். இவ்வளவுதான். அடுத்தவர் வீட்டில் போடுவதற்கு முன்பு சோதித்துப் பார்க்கவேண்டும். என் கையில் உரிமையோடு இருந்த ஒரே பதிவு எங்கள் வீட்டுப் பதிவு.

மணி முதன்முதலில் செய்யப்பட்டபோது நானும் என் கணவன் அமுதனும்தான் அதைப் போட்டுப் பார்த்தோம். எங்கள் அறிக்கை நூற்றுக்கு நூறு வந்தது. சவரிமுத்து சார் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அமுதன் பல் டாக்டர். பகல் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் பேசுகிறவன். பதிலுக்கு 'ஆ' மட்டும் கேட்டுப் பழகியவன். அதனால் என்னிடமிருந்து வரும் 'ம்' அவனுக்குத் தாராளமாகத் தோன்றியிருக்கவேண்டும்.

புதிய டிரைவரில் எங்கள் வீட்டுப் பதிவைப் போட்டேன். நான் அமுதனுக்குச் சொன்னது தொண்ணூற்றொன்று. பரவாயில்லை. அமுதன் எனக்குச் சொன்னது முப்பத்தெட்டு.

நான் முதலில் செய்தது, டிரைவரில் பிழை தேடியது. அரை மணி நேரம் தேடினேன். இல்லை. பிறகு சேராதவற்றின் பட்டியலைத் திறந்தேன். 'அந்த முருங்கைக்காய் ஆள் இன்னைக்கு வந்தாரு.' ம். 'இந்தச் சட்ட எனக்கு டைட்டா இருக்கோ?' ம். அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஆமாம் என்றல்லவா அவன் எடுத்துக்கொண்டிருப்பான், அதற்குப் பிறகு அந்தச் சட்டையை நான் பார்க்கவே இல்லை. இன்னும் கீழே வந்தேன். 'சனிக்கெழம ஒரு பல்லு எடுக்கையில கை நடுங்குச்சு.' ம். அதே வாக்கியம் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாளில். மூன்று 'ம்'. மூன்றாவது, அவன் 'சனிக்கெழம' என்று தொடங்கும்போதே வந்திருந்தது.

அவனுக்குப் போன் செய்தேன். பின்னால் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம்.

"என்ன, இந்த நேரத்துல?"

"அமுதா, உன் கை எப்படி இருக்கு?"

"எந்தக் கை?"

"நடுங்குச்சுன்னியே. பல்லு எடுக்கையில."

"அது போன வருஷம்."

"சரியாப் போச்சா?"

"போச்சு."

"நடுக்கமா?"

"நடுக்கம் இருக்கு, அப்பப்ப. சொல்லணும்கிற நெனப்பு சரியாப் போச்சு." அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். அவன் எப்போதும் வேடிக்கையாகத்தான் சொல்வான். "எதுக்குக் கேக்குற? உன் மணி ஏதும் சொல்லுச்சா?"

"மணி அப்பவே சொல்லிருச்சு. நான்தான் உள்ள விடல," என்றேன். அவனுக்குப் புரியவில்லை, 'வந்து பேசுவோம்' என்றான். சாயங்காலமே போய் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினோம். சின்ன விஷயம்தான், மருந்தில் சரியாகும் என்றார் அவர். ஆனால் திரும்பி வரும் வழியில் அமுதன் பேசப் பேச நான் பதில் சொல்லத் தெரியாமல் திணறினேன். வாயில் வந்த 'ம்'மை விழுங்கிவிட்டு அந்த இடத்தில் வைக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. "என்ன, பேசவே மாட்டேங்கிற?" என்றான். "கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். "பயமா இருக்கு" என்றான்.

புதன்கிழமை காலை சவரிமுத்து சார் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர். கெட்ட செய்தி வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார், செய்தி மங்கலாகத் தெரியட்டும் என்று.

"சார், டிரைவர்ல தப்பு இருக்கு. நான் செஞ்ச தப்பு."

"சின்னதா பெரிசா?" கண்ணாடி கழன்றது.

"வகை வாரியாச் சொல்றேன் சார்."

"வகை வேணாம்மா, மொத்தமாச் சொல்லு."

"அதான் சார் தப்பே. மொத்தமாச் சொன்னதுதான்."

விவரமாகச் சொன்னேன். அவர் இரண்டு இடத்தில் "ம்" என்றார். இரண்டு முறையும் நான் நிறுத்தி, வாக்கியத்தை முதலிலிருந்து சொன்னேன். மூன்றாவது முறை அவர் வாயை மூடிக்கொண்டு கேட்டார்.

"எத்தன அறிக்கை இதுல போயிருக்கும்?"

"பன்னெண்டாயிரம் ஜோடி."

அவர் எழுந்து போய் ஜன்னல் வழியாக வைகைப் பக்கம் பார்த்தார். பன்னிரண்டாயிரம் வீடுகளில், 'நீ சொல்வது சேருகிறது' என்று அரசாங்க முத்திரையோடு ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு, 'அப்படியானால் நமக்குத்தான் ஏதோ கோளாறு போல' என்று திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? அதை எண்ண எந்த டிரைவரிலும் இடம் இல்லை.

"என் வீட்டுக்காரிக்கும் எனக்கும் தொண்ணூத்தேழு வந்துச்சு," என்றார் சவரிமுத்து சார் ஜன்னலிடம். "அவ நம்பல. நான்தான் மிஷின் பொய் சொல்லாதுன்னேன்." திரும்பி வந்து உட்கார்ந்தார். "எல்லாருக்கும் கடிதம் எழுதணும். வரிசையா எழுதுவோம். நாளைக்கு அந்தம்மாவுக்கு மறு அறிக்கைய நீயே கொண்டு போ. போயி, தப்பு நம்மளுதுன்னு சொல்லு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெதுவாச் சொல்லு," என்றார்.

வியாழக்கிழமை விசாரணை நடந்த குடும்ப இசைவு மையத்தில் வரிசையில் நாங்கள் மூன்றாவது. அலுவலர் பேச்சியம்மாள் கட்டையான உருவம், கட்டையான குரல். மேஜையில் முத்திரை, மைப் பெட்டி, ஒரு எவர்சில்வர் சாப்பாட்டுத் தூக்கு. எதிரே ஒரு பெஞ்சின் இரண்டு முனைகளில் அங்கயற்கண்ணி அம்மாளும் தணிகாசலமும். அவர் ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையில், பள்ளிக்கூடத்துக்கு அழைக்கப்பட்ட தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரை நான் முதன்முறையாகப் பார்க்கிறேன். பதிவுகளில் 'ம்' ஆக மட்டும் கேட்டிருந்த ஒரு மனிதருக்கு முழங்காலும் செருப்பும் இருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

"முந்தின அறிக்கை தப்புங்கிறீங்க," என்றார் பேச்சியம்மாள். "தப்பு செஞ்சது யாரு? இதுல டிரைவர்னு போட்டிருக்கு. ஆள் வந்திருக்காரா?"

"டிரைவர் மென்பொருள் மேடம். எழுதினது நான். தப்பு என்னோடது."

"கர்னல்?"

"கர்னல் நல்ல மனுஷன்," என்றார் அங்கயற்கண்ணி அம்மாள் பெஞ்சிலிருந்து. "அவரக் கூப்புட வேண்டியதில்ல."

பேச்சியம்மாள் புதிய தாளை உரக்கப் படித்தார். அங்கயற்கண்ணி அம்மாள் தொண்ணூறு நாளில் சொல்ல நினைத்த விஷயங்கள் ஆயிரத்து நூறு. சேர்ந்தவை முந்நூற்று நாற்பது. மிக்சி இரைச்சலில் கெட்ட முயற்சிகள் தொண்ணூற்றாறு. கையைக் காட்டித் தடுத்தது ஏழு. பதிலே இல்லாதவை இரண்டாயிரத்துக்கு மேல்.

"முப்பத்தொண்ணு சதவீதம். அனுமதிக்குத் தகுதி இருக்கு," என்றார் பேச்சியம்மாள்.

அங்கயற்கண்ணி அம்மாள் முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். அழவில்லை. மூன்று மாதமாக, அல்லது முப்பது வருஷமாக, தான் பைத்தியம் இல்லை என்று யாராவது சொல்லவேண்டும் என்று காத்திருந்தவரின் முகம் அது. அதைக் கண்ணாடியில் நான் சில நாள் பார்த்திருக்கிறேன். அமுதனின் முகத்தில் பார்க்கத் தவறியிருக்கிறேன்.

"பின்னால இன்னொரு தாள் இருக்கே?"

"அது அவரோட மணி மேடம். டிரைவர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், அதனால அவரோட கணக்கும் மாறிருச்சு."

பேச்சியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "மோதல் நானூத்திப் பதினொண்ணு. என்னம்மா இது, அடிதடியா?"

"இல்ல மேடம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிக்கறது. ரெண்டும் ஒண்ணா வந்தா ரெண்டும் கெட்டுப்போகும். அதனால ஒருத்தர் நிறுத்திக்கிட்டு விட்டுக்கொடுக்கணும். விட்டுக்கொடுத்தவர் கொஞ்சம் காத்திருந்து மறுபடி சொல்லணும். அதான் முறை."

"யாரு விட்டுக்கொடுத்தது?"

"நானூத்தி ஒம்பது தடவ அவரு. ரெண்டு தடவ அம்மா."

"நான் ரெண்டு தடவ விட்டேனா?" என்றார் அங்கயற்கண்ணி அம்மாள் ஆச்சரியமாக.

"ஒண்ணு, உங்களுக்குத் தும்மல் வந்திருக்கு."

"இன்னொண்ணு?"

"தெரியலம்மா."

"ஹேர்பின்," என்றார் தணிகாசலம். எல்லாரும் அவரைப் பார்த்தோம். "வாயில ஹேர்பின் வச்சிருந்தா."

"விட்டுக்கொடுத்தீங்க சரி," என்றார் பேச்சியம்மாள் அவரிடம். "மறுபடி ஏன் சொல்லல?"

"காத்திருந்தேங்க. எடம் வரல."

அங்கயற்கண்ணி அம்மாள் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்தார். "நானூத்தி ஒம்பது தடவயா? அப்படி என்னத்த சொல்ல வந்தீங்க?"

தணிகாசலம் வாயைத் திறந்தார். அந்த அம்மாளின் உதடும் கூடவே அசைந்தது. நான் பார்த்தேன். அந்த அம்மாள் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பாதி தடவ, அடுப்புல கருகுதுன்னு," என்றார் தணிகாசலம்.

பேச்சியம்மாள் இருமினார். அங்கயற்கண்ணி அம்மாள் வாயைப் பொத்தியபடியே, கண்ணால், 'மீதி?' என்றார்.

"மீதி..." அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். மனைவியின் பெயரைச் சுருக்கித்தான் கூப்பிட்டார். "அங்கு, முப்பத்தோரு வருஷம் புகாராக் கேட்டாச்சு. யாரும் எதையும் என்கிட்டச் சொல்லாத ஒரு எடத்துல கொஞ்ச நாள் இருக்கணும் போல இருந்துச்சு. தனியா. ஒனக்கும் அது நல்லதுன்னு பட்டுச்சு. அதச் சொல்லத்தான் வருவேன். நீ அப்ப மோட்டாரப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சிருவ."

அந்த அம்மாளின் கை வாயிலிருந்து இறங்கிவிட்டது. "என்னய விட்டுட்டுத் தனியாப் போகணுமா ஒங்களுக்கு?"

"நீயும் அதானே மனுப் போட்டிருக்க."

"நான் போடுறது வேற! எனக்குக் காரணம் இருக்கு! ஆயிரத்து நூறு காரணம் இருக்கு, மேடம் இப்பத்தான் வாசிச்சாங்க! நீங்க எப்படி நெனைக்கலாம்?"

"பொறுங்க, பொறுங்க," என்று பேச்சியம்மாள் மேஜையைத் தட்டினார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் சோர்ந்தது. "ரெண்டு பேருக்கும் விருப்பம்னா இதுக்கு அறிக்கையே வேணாம். தொண்ணூறு நாளும் வேணாம். மணி போட்டுக்கிட்டு, என் முன்னால ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர் 'சம்மதம்'னு சொன்னா முடிஞ்சது. இவரு ஒரே ஒரு வாக்கியத்த முடிச்சிருந்தா நீங்க யாரும் இங்க வந்திருக்கவே வேணாம்." முத்திரையை எடுத்து மையில் ஒற்றிக்கொண்டார். "சரி, சொல்லுங்க."

"சம்மதம்," என்றார்கள் இருவரும். ஒரே நேரத்தில்.

என் மடிக்கணினித் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது.

"மோதல் மேடம். ரெண்டும் சேரல."

"ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்கன்னேன்ல?"

தணிகாசலம் தலையை ஆட்டி, கையால் மனைவிக்கு வழிவிட்டார். "நீ சொல்லு."

அங்கயற்கண்ணி அம்மாள் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். நானூற்று ஒன்பது என்ற எண் அவர் முகத்தில் ஓடுவதை நான் பார்த்தேன். "இல்ல," என்றார். "நீங்க சொல்லுங்க. இந்தத் தடவ நீங்க மொதல்ல."

"பரவால்ல அங்கு. மனு ஒன்னோடது."

"அதான் சொல்றேன்ல, நீங்க சொல்லுங்க. நான் இருக்கேன்."

அவர் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்று அந்த அம்மாளும் சொல்லவில்லை. மோதல் வந்தால் இருவருக்கும் வெவ்வேறு அளவு காத்திருப்பு உண்டு, முதலில் முடித்தவர் பேசவேண்டும் என்று டிரைவரில் எழுதியிருக்கிறேன். இருவருமே விட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று நான் எழுதவில்லை. எனக்குத் தெரிந்து உலகத்தில் யாரும் எழுதவில்லை.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து ஆயிற்று. வெளியே அடுத்த ஜோடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பேச்சியம்மாள் கையில் பிடித்த முத்திரையில் மை காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, ஒன் டிரைவர் என்ன சொல்லுது?" என்று என்னிடம் கேட்டார்.

பார்த்தேன். நான்கு இடத்திலும் பூஜ்யம். இந்த முறை அது நான் போட்டது இல்லை. "பிழை எதுவும் இல்ல மேடம். ரெண்டு பேரும் இன்னும் அனுப்பல."

"அப்ப நான் இதுல என்னன்னு எழுதுறது?"

சின்ன வாக்கியம் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விட்டுவிட்டு, "தெரியல மேடம்," என்றேன்.

பேச்சியம்மாள் முத்திரையை அதன் பெட்டியில் வைத்து மூடினார். தூக்கைத் திறந்தார். புளியோதரை வாசனை வந்தது. பெஞ்சில் அங்கயற்கண்ணி அம்மாள் தணிகாசலத்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் அவர் வாயை.